ஆடாத இலை

அந்தப் பையை மேலே வைக்க வேண்டாம் தம்பி. பதினோராவது வளைவில் இந்த டிரைவர் ஒரு வெட்டு வெட்டுவார். போன மாதம் ஒருவருடைய பலாப்பழம் மேலேயிருந்து கண்டக்டர் தலையில் இறங்கியது. மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் மடியில்தான் வைத்திருக்கிறேன், பாருங்கள். செய்தித்தாள் சுற்றியிருக்கிறதே, இது கண்ணாடிச் சட்டம் போட்ட படம். என்ன படம் என்று அப்புறம் சொல்கிறேன். வால்பாறைக்கு நாற்பது வளைவு. அவசரமில்லை.

நீங்கள் எதற்கு வருகிறீர்கள் என்று கேட்க மாட்டேன். பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, இலை இலையாய் அச்சடித்த கால்சட்டை. பறவை கண்ணில் படாமல் இருக்கப் போட்டது. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் அத்தனை கூட்டத்தில் நீங்கள் ஒருவர்தான் என் கண்ணில் பட்டீர்கள்.

தவளைவாயன் பார்க்க வருகிறீர்கள். எல்லோரும் அதற்குத்தான் வருகிறார்கள். மயில் இருக்கிறது, இருவாச்சி இருக்கிறது, பார்த்தால் பறவை என்று தெரிகிற நேர்மையான பறவைகள் எத்தனையோ இருக்கின்றன. அதெல்லாம் வேண்டாம். காய்ந்த இலை மாதிரி உட்கார்ந்திருக்கிற ஒன்றைப் பார்க்க வேண்டும். அதற்கு மதராஸிலிருந்து ரயிலேறி வருகிறீர்கள். சரி.

என் பெயர் மாடக்கண்ணு. மேலே போய்க் கேட்டுப் பாருங்கள். மைக்செட்டு மாடக்கண்ணு என்றால்தான் தெரியும். மைக் இல்லாமலே மூன்று எஸ்டேட்டுக்குக் கேட்கிற குரல் என்பதால் மக்கள் அன்போடு வைத்த பெயர். நான் வரும்போது டீக்கடையில் பாட்டை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவு மரியாதை.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் எல்லாம் துண்டறிக்கை. என் வயதில் மற்றவர்கள் சினிமாப் பாட்டுப் புத்தகம் படித்தார்கள். நான் நோட்டீஸ் படித்தேன். ஒவ்வொன்றையும் மூன்று முறை. பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். நூற்று அறுபத்திரண்டு துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். கடைசியாக எழுதியது இந்தப் பறவையைப் பற்றி. அதில் ஒரே ஒரு கோரிக்கை. படத்துக்குக் கீழே பெயர் வர வேண்டும். எடுத்தவன் பெயர் மட்டும் வருகிறதே, காட்டியவன் பெயர் எங்கே? அவ்வளவுதான் என் வழக்கு. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலில் என் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் மஃப்டி போலீஸ் உட்கார்ந்திருந்தால் நான் செருப்பை வைத்துப் பிடித்துவிடுவேன். ஒரு மே தினக் கூட்டம். வேட்டி சரி, துண்டு சரி, காதில் பீடி கூடச் சரி. காலில் மட்டும் பாலிஷ் போட்ட தோல்செருப்பு. "மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் காவல்துறை நண்பருக்கு வணக்கம்" என்று மைக்கில் சொன்னேன். ஆள் எழுந்து போய்விட்டார். அவர் ஊருக்குப் புதிதாக வந்த போஸ்ட்மாஸ்டர் என்று பிறகு சிலர் கிளப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் ஆறு மாதம் எனக்கு ஒரு தபாலும் ஒழுங்காக வரவில்லை. அவர் போலீஸ்தான் என்பதற்கு வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

அந்தக் கண்ணோடுதான் நான் எங்கள் எஸ்டேட்டில் நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம் நடத்தினேன். நாற்பத்தொரு நாள்! முடிந்ததும் எல்லோரையும் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள், ஒருவனைத் தவிர. அந்த ஒருவன் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அப்புறம் என் சங்கமே என்னை நீக்கியது. நானும் சங்கத்தை நீக்கினேன். இருபத்தொன்பது வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

என் மனைவி வெள்ளத்தாயி. அவளும் அந்த எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். வேலைநிறுத்தத்தில் அவளும் நின்றாள். ஆனால் கடைசி வரிசையில். கோஷம் போடும்போது வாய் அசையும், சத்தம் வராது. நான் மேடையிலிருந்தே கவனித்தேன். வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் அவளோடு பதினோரு நாள் பேசவில்லை. அவள் கொண்டு வைத்த சோற்றைச் சாப்பிட்டேனே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. கொள்கை என்றால் கொள்கை. அன்றிலிருந்து எஸ்டேட் கொடுத்த லைன் வீடு அவள் பெயரில்தான் ஓடுகிறது. மூன்று பெண்களையும் அவள்தான் கட்டிக்கொடுத்தாள். அதெல்லாம் குடும்ப விஷயம், இந்தக் கதைக்கு வேண்டாம்.

இது எத்தனையாவது வளைவு? ஒன்பதா? சன்னலோரம் அந்த அம்மாவுக்கு மஞ்சள் பை கொடுக்கச் சொல்லுங்கள், முகம் சரியில்லை.

போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்தார். நல்லசிவம் என்று பெயர். பல் பிடுங்குகிற நேரம் போக மீதி நேரம் பறவை. மூன்று நாளாகத் தேடியும் தவளைவாயன் கிடைக்காமல் டீக்கடையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஜீப் ஓட்டுகிற காஜாமைதீன்தான் அவருக்கு ஊரெல்லாம் சுற்றிக் காட்டியவன். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்ன விஷயம் என்று டாக்டரைக் கேட்டேன்.

"ஐயா, அது ஒரு ஜோடியா உட்காரும். காஞ்ச இலைக்கொத்து மாதிரி. கிட்டப் போனாக்கூடப் பறக்காது. தலையை மேல தூக்கி, கண்ணை நூல் மாதிரி இடுக்கிக்கிட்டு அப்படியே இருந்துடும்."

"ஆபத்து வந்தால்?"

"அப்பவும் அப்படியேதான்."

எனக்கு அந்தப் பறவையின் மேல் அப்போதே மரியாதை போய்விட்டது. எதிரி எதிரே நிற்கிறான், இது செத்த இலை மாதிரி உட்கார்ந்திருக்கிறது! முப்பது வருஷமாக நான் தொழிலாளிகளிடம் எதைச் செய்யாதே என்று தொண்டை கிழியக் கத்தினேனோ அதையே தொழிலாகச் செய்கிற பறவை. ஆனாலும் ஒரு மனிதர் மூன்று நாள் அலைந்திருக்கிறார். "என் கண்ணுக்குத் தப்பாது. நாளை காலை வாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். காஜாமைதீன் சிரித்தான். அவனுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

வீட்டுக்கு வந்து வெள்ளத்தாயியிடம் சொன்னேன். கேலியாகத்தான் சொன்னேன். இப்படி ஒரு பறவையாம், இலை மாதிரி உட்காருமாம், அதற்கு ஒரு டாக்டராம். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பன்னெண்டாம் நம்பர் காட்டுக்குக் கீழ, ஓடைக்கரை ஈத்தைப் புதர்ல இருக்கு. ரெண்டு."

நாங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் நம்பர் போட்டுக் காடு என்போம். ஈத்தை என்றால் நாணல் மாதிரி மெல்லிய மூங்கில்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு வருசமாப் பாக்கேன்."

"பதினோரு வருஷமா? என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீங்க எங்க கேட்டீங்க? அதுவும் போக, சொன்னா அன்னைக்கே மைக்ல சொல்லிருவீங்க."

இதில் ஒன்று கவனிக்க வேண்டும் தம்பி. அவள் கொடுத்தது தகவல். தகவல் வேறு, கண்டுபிடிப்பு வேறு. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகப் போகிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் டாக்டரும் ஓடைக்கரைக்குப் போனோம். விறகு பொறுக்க வேண்டும் என்று அவளும் கொடுவாளும் கயிறுமாகப் பின்னால் வந்தாள். நான் கூப்பிடவில்லை. புதருக்கு முன்னால் நின்று ஒரு மணி நேரம் பார்த்தேன். பிறகு கை நீட்டி, "அதோ" என்றேன். டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டார். டக்டக்கென்று நாற்பது படம் எடுத்தார். "அசையவே இல்லை ஐயா, என்ன கட்டுப்பாடு!" என்று கிசுகிசுத்தார். நான் அந்தப் பறவையின் கோழைத்தனத்தைப் பற்றி அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து வெள்ளத்தாயி சொன்னாள்: "அது இலை."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். அவள் கை நீட்டவில்லை. மோவாயைக் கொஞ்சம் தூக்கினாள். "பறவை இங்கன இருக்கு. தலைவர் காதுக்கு நேரா."

இருந்தது தம்பி. என் காதிலிருந்து இரண்டு முழம். சாம்பல் நிறத்தில் ஒன்று, துருவேறிய தகரம் மாதிரி ஒன்று, இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. தலை மேலே, கண் கோடு. அத்தனை நேரமும் நான் பேசியதையெல்லாம் கேட்டிருக்கின்றன.

"எப்படிம்மா பாத்தீங்க?" என்றார் டாக்டர்.

"காத்து அடிக்குதுல்ல சார். இலைன்னா ஆடும். இது ஆடலை. கொழுந்து எடுக்கும்போது ஒவ்வொரு இலையாவா பாப்போம்? செடி மேல கண்ணை ஓடவிடுவோம். சேராதது தானா நிக்கும்."

சொல்லிவிட்டு விறகு பொறுக்கப் போய்விட்டாள். நான் முதலில் காட்டியதும் அதே புதர்தான், திசை சரிதான், கொஞ்சம் இடம் மாறிவிட்டது என்று டாக்டருக்கு விளக்கினேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்படி ஆரம்பித்தது. டாக்டர் அந்தப் படத்தை நெட்டில் போட்டார். அடுத்த ஞாயிறு நாலு பேர். அதற்கடுத்த ஞாயிறு ஒன்பது பேர். பீரங்கி மாதிரி லென்ஸ். நான் முன்னால் நடப்பேன். ஓடைக்கரை போய்ச் சேர இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்த வரலாற்றைச் சொல்லி முடிப்பேன். நல்ல கூட்டம், ஓட முடியாத கூட்டம். புதருக்கு முன்னால் வந்ததும் நான் கொஞ்சம் ஒதுங்கி நிற்பேன், வெள்ளத்தாயி மோவாயைத் தூக்குவாள். நிர்வாகம் நான், செயல்பாடு அவள். எந்த இயக்கத்திலும் அப்படித்தான்.

பிறகு ஒருநாள் காஜாமைதீன் தன் போனில் காட்டினான். அந்தப் படம் ஏதோ போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறது. கீழே ஒரு வரி: படம், டாக்டர் நல்லசிவம். அவ்வளவுதான். எனக்கு ரத்தம் கொதித்தது. அன்று ராத்திரிக்குள் துண்டறிக்கை தயார். "பறவை யாருடையது? பாதை யாருடையது? பார்த்த கண் யாருடையது?" என்று தலைப்பு. காட்சி உழைப்பாளர் சங்கம் தொடங்கினேன். தலைவர் நான். செயலாளர் காஜாமைதீன். மகளிர் அணிச் செயலாளர் வெள்ளத்தாயி.

"என்னைக் கேக்கலையே" என்றாள்.

"உன் நன்மைக்குத்தான்."

ஒற்றைக் கோரிக்கை. அச்சில் வருகிற ஒவ்வொரு படத்துக்குக் கீழும் "முதலில் கண்டவர்" என்று போட்டுப் பெயர் வர வேண்டும். முதலில் கண்டவர் என்ற இரண்டு வார்த்தைக்கும் நானே அடிக்கோடு போட்டேன். ஏற்கும் வரை யாருக்கும் பறவை காட்டப்படாது. மாசி முதல் ஞாயிறு போராட்டம் தொடக்கம்.

அன்று பதினாறு பேர் வந்திருந்தார்கள், டாக்டரும்தான். நான் ஓடைக்கரைப் பாதையில் கொடி நட்டேன். காஜாமைதீனிடமிருந்து பேட்டரி போட்ட கைமைக் வாங்கியிருந்தேன். நிறைய நாளைக்கப்புறம் கையில் மைக். உங்களுக்குப் புரியாது தம்பி, அது ஒரு ருசி. "அன்பார்ந்த உழைக்கும் மக்களே" என்று தொடங்கினேன். மலை திரும்பிச் சொன்னது. "லென்ஸ் வைத்திருப்பவனுக்கு ஒரு நீதி, கண் வைத்திருப்பவனுக்கு ஒரு நீதியா?" என்று கேட்டேன். காஜாமைதீன் மட்டும் கைதட்டினான்.

அப்போது வெள்ளத்தாயி புதர்ப் பக்கமிருந்து வந்தாள். கோபமாக வரவில்லை. நேராக வந்தாள். என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அடிமூடியைத் திருகினாள். ஆறு பேட்டரிக்கட்டையையும் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். மைக்கைத் திரும்ப என் கையில் கொடுத்தாள்.

நான்கு இன்ஸ்பெக்டர்களைப் பார்த்தவன் நான். ஒருவரும் என் மைக்கைத் தொட்டதில்லை.

"முட்டை இருக்கு" என்றாள்.

டாக்டர் லென்ஸை மூடினார்.

"ஒரே முட்டை. கிளை மேல உள்ளங்கையளவு கூடு. ஆம்பளைதான் பகல் பூரா அடைகாக்குது. நீங்க போடுற சத்தத்துல எந்திருச்சிச்சுன்னா முட்டை கீழ. பதினோரு வருசத்துல இப்பத்தான் என் கண்ணு முன்னால வச்சிருக்கு." இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாள். ஆண் அடைகாப்பதற்கு என்னை ஏன் பார்க்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

பிறகு அந்தப் பதினாறு பேர் பக்கம் திரும்பினாள். "நீங்களும் கிளம்புங்க சார். குஞ்சு பறக்கட்டும். அப்புறம் வாங்க, நான் காட்டுறேன். அதுக்கு முன்ன எவனாவது இந்தப் பக்கம் வந்தா..." மீதியைச் சொல்லவில்லை. கையில் கொடுவாள் இருந்தது, விறகுக்குத்தான்.

முப்பது வருஷத்தில் அவள் பொது இடத்தில் பேசி அன்றுதான் பார்த்தேன். மைக் இல்லை. ஆனால் பதினாறு பேரும் திரும்பி நடந்தார்கள். டாக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு நடந்தார்.

மகளிர் அணி இப்படித் தலைமையைக் கேட்காமல் முடிவெடுத்தது கட்டுப்பாடு மீறல்தான். நடவடிக்கை எடுத்திருக்கலாம். ஆனால் விளைவைப் பாருங்கள்! அன்றிலிருந்து ஒரு லென்ஸ்கூட ஓடைக்கரைக்கு வரவில்லை. முழு அடைப்பு. நூற்றுக்கு நூறு வெற்றி. என் போராட்டம் எத்தனை நாள் நடந்தது தெரியுமா? குஞ்சு பறந்து போன காலையில் வந்து சொன்னாள், நான் காலண்டரில் எண்ணினேன். நாற்பத்தொன்று. மறுபடியும் நாற்பத்தொன்று தம்பி! எந்தத் தலைவனுக்கு வாழ்க்கையில் இரண்டு தடவை வாய்க்கும்?

அந்த நாற்பத்தொரு நாளும் அவள் வேலைக்குப் போகும் வழியில் ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை அங்கே போய் வந்தாள். வந்து சோறு வடிக்கிறபோது ஒரு வார்த்தை சொல்வாள். "இருக்கு" என்பாள். அவ்வளவுதான். ஒருநாள் ஆலங்கட்டி மழை. ஈரத்தோடு வந்து வாசலில் நின்றாள். நான் பேப்பரிலிருந்து நிமிர்ந்து, "இருக்கா?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "இருக்கு. நகரலை. முதுகெல்லாம் ஐஸு, அப்படியே உக்காந்திருக்கு" என்றாள். அன்றைக்கு நான் அந்தப் பறவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கண்டக்டர், ஆழியாறு தாண்டி எவ்வளவு நேரம் ஆகிறது, இன்னும் இத்தனை மெதுவாகப் போனால் எப்படி? ... பாருங்கள், பதில் சொல்கிறானா? திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழகிவிட்டான்.

போராட்டம் வென்றது. எப்படி என்று கேளுங்கள். குஞ்சு பறந்த வாரமே டாக்டர் வீட்டுக்கு வந்தார். பத்திரிகை ஒன்று, பறவைகளுக்கென்றே வருவது, அவர் எடுத்த முதல் படத்தைப் போடப் போகிறதாம்.

"உங்க கோரிக்கையை ஏத்துக்கறேன் ஐயா. எழுத்துக்கு எழுத்து."

நான் எழுதிவைத்திருந்ததைக் கொடுத்தேன். தோழர் ப. மாடக்கண்ணு, நிறுவனத் தலைவர், காட்சி உழைப்பாளர் சங்கம், நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்த வீரர், நூற்று அறுபத்திரண்டு துண்டறிக்கைகளின் ஆசிரியர். டாக்டர் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு காபி கொண்டுவந்த வெள்ளத்தாயியிடம் திரும்பினார்.

"ஏம்மா, நீங்க இதை முதல்ல எப்பப் பாத்தீங்க?"

"கடைசிப் பொண்ணு கல்யாணத்துக்கு முந்தின வருசம் சார். கொழுந்து எடை போட்டுட்டு மூஞ்சி கழுவ ஓடைக்கு இறங்கினேன்."

நான் குறுக்கிட்டேன். "தனிமனிதப் பார்வை வேறு டாக்டர், சமூகப் பார்வை வேறு" என்றேன். "ஆமாங்க ஐயா" என்றார். பல் டாக்டர்கள் அப்படித்தான், நம் வாயைத் திறக்க வைத்துக்கொண்டு வலிக்கிற இடத்தைத் தொடுவார்கள், நமக்குத் தெரியாது.

பத்திரிகை வருகிற நாள் தெரிந்ததும் நான் டீக்கடையில் கூட்டம் அறிவித்தேன். வெற்றி விளக்கக் கூட்டம். மைசூர்பாகு சொல்லியிருந்தேன். சாயங்காலம், கொழுந்து எடை போட்டுவிட்டுப் பெண்கள் திரும்புகிற நேரம். முப்பது நாற்பது பேர். காஜாமைதீன் தபாலை வாங்கிக்கொண்டு ஜீப்பில் வந்தான். நான் பெஞ்சு மேல் ஏறினேன். உறையைக் கிழித்துப் பக்கத்தைப் புரட்டினேன். முழுப்பக்கப் படம். முன்கூட்டிப் படித்துப் பார்க்கலாம்தான். ஆனால் வெற்றி அறிக்கையை மக்களோடு சேர்ந்துதான் முதல் தடவை படிக்க வேண்டும், அது என் பழக்கம்.

"படம், டாக்டர் நல்லசிவம்" என்றேன். "இது பழைய வரி. இனிமேல் வருவதுதான் வரலாறு. முதலில் கண்டவர்..." என்று சொல்லி நிறுத்தினேன். கைதட்டலுக்கு இடம் விட வேண்டுமல்லவா? தட்டினார்கள். அது அடங்கியதும் படித்தேன்.

"முதலில் கண்டவர்: வெள்ளத்தாயி, தேயிலைத் தொழிலாளி."

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? தாளைக் கிழித்திருப்பேனா? மயக்கம் போட்டிருப்பேனா? மேடையில் ஒரு வரியைத் தொடங்கியவன் பாதியில் விழுங்க மாட்டான் தம்பி. படித்து முடித்தேன். மூன்று எஸ்டேட்டுக்கும் கேட்கிற மாதிரி. அவள் பெயரை அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன்னால் சொன்னதில்லை. வீட்டில் "இந்தா" என்றுதான் கூப்பிடுவேன்.

இரண்டாவது தடவையும் கைதட்டினார்கள். முதல் தடவையை விட நீளம். நான் எண்ணவில்லை, ஆனால் நீளம்.

அவள் கூட்டத்தில் கடைசியில் நின்றுகொண்டிருந்தாள், காலிக் கூடையோடு. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"நல்லாத்தான் சத்தமாப் படிச்சீங்க."

அதற்கு என்ன பதில் சொல்வது? நூற்று அறுபத்திரண்டு துண்டறிக்கையிலும் தேடிப் பார்த்துவிட்டேன்.

சொல்லுங்கள் தம்பி, இது நியாயமா? கோரிக்கை என்னுடையது. வார்த்தை என்னுடையது. அடிக்கோடுகூட என்னுடையது. நான் அன்று இரவே பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதினேன். நாலு பக்கம். ஏழாவது முறை திருத்திக்கொண்டிருக்கிறேன், ஒரு வருஷமாக. ஆதாரத்தை இணைக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு இன்றைக்குப் பொள்ளாச்சி வந்தேன். ஆமாம், இதுதான். செய்தித்தாளை மெதுவாகப் பிரியுங்கள், கண்ணாடி. தேக்குச் சட்டம். பிளாஸ்டிக் போதும் என்றார் கடைக்காரர், ஆதாரம் நாள்பட நிற்க வேண்டும் என்று நான்தான் தேக்கு சொன்னேன். பெயர் இருக்கிற இடம் சட்டத்துக்குள் மறைந்துவிடக் கூடாது என்று சொல்லி ஒரு விரல் கீழே இறக்கிப் போடச் சொன்னேன். எனக்கு இழைத்த அநீதி வீட்டுச் சுவரில் தினமும் கண்ணில் பட வேண்டும். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

முப்பத்தெட்டாவது வளைவு வந்துவிட்டது. நாம் இறங்குகிற இடம் பக்கம்தான்.

நீங்கள் யாரைத் தேடி வருகிறீர்கள் என்று சொல்ல வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் போனைத் திறந்து பார்த்தீர்களே, அப்போதே படித்துவிட்டேன். இவ்வளவு பெரிய எழுத்தில் "வெள்ளத்தாயி அம்மா" என்று வைத்திருந்தால் எனக்குத் தெரியாதா? செருப்பைப் பார்த்து ஆளைச் சொன்னவன் நான். எல்லோரும் அவள் பெயரைத்தான் எழுதிக்கொண்டு வருகிறார்கள். பரவாயில்லை. இன்றைக்கு ஞாயிறு, வீட்டில்தான் இருப்பாள்.

ஆனால் போகுமுன் சில விதிகள். அவள் போட்டது, நான் அறிவிக்கிறேன். ஓடைக்கரையில் பேச்சில்லை. ஃபிளாஷ் இல்லை. கிளையை ஒடிக்கக் கூடாது. காமிரா வைக்கிற முக்காலியை நான் தூக்கி வருவேன். அது அவள் போட்ட விதி இல்லை, என் பொறுப்பு, நானே எடுத்துக்கொண்டது. புதருக்கு நூறு அடி முன்னால் ஒரு சில்வர் ஓக் மரம் இருக்கிறது. அதற்கு மேல் எனக்கு அனுமதி இல்லை. அங்கே உட்கார்ந்துவிடுவேன். இது சரணாகதி இல்லை தம்பி. தந்திரம். எந்த இயக்கத்திலும் ஒரு ஆள் பாதையைக் காக்க வேண்டும்.

முதலில் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. வாய் துருதுருக்கும். இப்போது பழகிவிட்டது. முதுகை மரத்தில் சாய்த்து, தலையைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டால் இரண்டு மணி நேரம் தெரியாது.

போன ஞாயிறு பெங்களூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பெரிய பை. கனம் தாங்காமல் அதை எங்காவது வைக்க இடம் பார்த்தார். என் பக்கம் வந்தார். நான் பழுப்புச் சட்டை போட்டிருந்தேன், மேலே சருகு விழுந்திருந்தது போல. மரத்தடியில் கட்டை கிடக்கிறது என்று நினைத்துவிட்டார். பையை என் தோளுக்கு நேராக இறக்கப் போகிறார். நான் கண்ணை ஒரு கோடு அளவு திறந்து பார்த்தேன். கத்தியிருக்கலாம். முன்னெல்லாம் இதற்கு ஒரு கூட்டமே போட்டிருப்பேன்.

நூறு அடி தூரத்திலிருந்து வெள்ளத்தாயி, புதரைப் பார்த்த முகத்தைத் திருப்பாமலே, எங்களுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் சொன்னாள்: "அதுல வைக்காதீங்க சார். அது எங்க வீட்டுக்காரரு."

அப்போதும் நான் அசையவில்லை தம்பி.